அகர வரிசையில் வந்த தண்ணீர் லாரி

பத்திரிகையில் எழுதுகிற எல்லோருக்கும் ரகசியமாக ஓர் ஆசை உண்டு. நாம் எழுதியதைப் படித்துவிட்டு ஜனங்கள் வீட்டை விட்டு வெளியே வர வேண்டும், தெருவில் திரள வேண்டும். முப்பது நாற்பது வருடம் எழுதியும் இது நடக்காமல் மனம் நொந்துபோனவர்கள் பலர். எனக்கு வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் மாதமே நடந்தது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும், நான் அச்சில் கொடுத்ததை அப்படியே நம்பி, ஒரு திங்கட்கிழமை காலையில் ஜனங்கள் தெருத்தெருவாகத் திரண்டு நின்றார்கள்.

எல்லார் கையிலும் காலிக் குடம்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. தமிழில் முதுகலை முடித்திருந்தேன். முடித்ததோடு நிறுத்திக்கொள்ளாமல் வீட்டிலும் அதையே பேசிக்கொண்டிருந்தேன். "அம்மா, தேநீர் கிடைக்குமா?" என்று கேட்பேன். எங்கள் அம்மா தனம், காசிமேட்டில் இறால் உரிக்கும் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்திருப்பார். "டீதான் கீது, குடிக்கிறியா?" என்று கேட்டுவிட்டு டம்ளரை என் முன்னால் வைப்பார். நானும் குடிப்பேன். (கொள்கை வேறு, டீ வேறு.)

பெரிய நாளிதழ்கள் எல்லாவற்றுக்கும் வேலை கேட்டு எழுதிப் போட்டேன். பதிலுக்காக நான் தபால்தலை ஒட்டி உள்ளே வைத்திருந்த உறையை ஒரே ஒரு நாளிதழ் திருப்பி அனுப்பியது. அதில் ஒன்றும் இல்லை. அந்த நிலையில்தான் ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில், மீன்வலைக் கடை மாடியில் இருந்த "வடமுனை" வாரப் பத்திரிகையில் சேர்ந்தேன். எட்டுப் பக்கம், சனிக்கிழமை தோறும் வரும். உறவினர்கள் கேட்டால் "பத்திரிகையில் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்வேன். எந்தப் பத்திரிகை என்று கேட்பதற்குள் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விடுவேன்.

வடமுனை பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைத் தெரிந்துகொண்டால்தான் நான் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

அந்த மாடியில் முதலில் இருந்தது பத்திரிகை இல்லை, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். நடத்தியவர் ரோஸ்லின் அக்கா. அவருடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பணியாரத் தட்டு மாதிரி தேய்ந்துபோன ஆறு தமிழ் மெஷின்களை யாரிடமோ வாங்கி, அக்கா பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு என் வயதுகூட இல்லை. வந்து சேர்ந்த பெண்கள் "யளனகபக, யளனகபக" என்று மாதக்கணக்கில் தட்டித் தட்டிக் கொட்டாவி விட்டார்கள். தூக்கத்தைப் போக்க அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். "உங்க தெருவுல நேத்து நடந்ததை அடிங்க. ஆனா நடந்தது மட்டும்தான்" என்றார்.

ஒரு பெண் தன் தெருக் குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று அடித்துக் கொடுத்தாள். நான்கே வரி. பிழையில்லாமல் இருந்ததால் அக்கா அதைப் பாராட்டும் விதமாகப் படிக்கட்டுக் கதவில் ஒட்டினார். வலை வாங்க வந்தவர்கள் படித்தார்கள். படித்தவர்களில் ஒருவர் போய் உரிய இடத்தில் சொன்னார். இரண்டாம் நாள் குழாய் சரியாகிவிட்டது. அதற்கடுத்த வாரம் கதவின் முன்னால் கூட்டம்.

கதவிலிருந்து கார்பன் காகிதத்துக்கு வந்தது செய்தி. ஐந்து நகல் எடுப்பார்களாம். நான்கைக் கண்ணால் படிக்கலாம், ஐந்தாவதைப் படிக்க நம்பிக்கை வேண்டும். கார்பனிலிருந்து ஸ்டென்சில், ஸ்டென்சிலிலிருந்து யானைக்கவுனியில் ஓர் அச்சகம் என்று வளர்ந்தது. கம்ப்யூட்டர் வந்ததும் ஊரிலிருந்த டைப்ரைட்டிங் பள்ளிகள் எல்லாம் மூடிக்கொண்டன. அக்காவின் மெஷின்களும் படி இறங்கிப் போயின. பயிற்சித் தாளாகப் பிறந்த பத்திரிகை மட்டும் மாடியிலேயே இருந்துவிட்டது.

வடமுனையில் சினிமா கிடையாது, ராசிபலன் கிடையாது. கட்டுரை எழுதியவர் பெயரும் போட மாட்டார்கள். ஆனால் கடல் பொங்கி வந்த அந்த மார்கழிக்குப் பிறகு, "மறுபடி வருது, மறுபடி வருது" என்று வாரம் ஒரு வதந்தி கிளம்பி, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு மொட்டை மாடிகளில் உட்கார்ந்திருந்தார்களே, அப்போது ரோஸ்லின் அக்கா விசாரிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் விசாரித்து ஒரே ஒரு தாள் அச்சடித்தார். "இன்று வராது. கேட்டுவிட்டோம்." அவ்வளவுதான் வாசகம். தாளைப் பார்த்ததும் ஜனங்கள் கீழே இறங்கிச் சோறு வடிக்கப் போனார்களாம். இதை எனக்குச் சொன்னவர் அக்கா இல்லை, எங்கள் அம்மா. அப்படி மொட்டை மாடியிலிருந்து இறங்கியவர்களில் அம்மாவும் ஒருவர்.

பத்திரிகையின் உயிர் எட்டாம் பக்கத்தில் இருந்தது. "இந்த வாரம்" என்று தலைப்பு. எந்தத் தெருவுக்கு என்றைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் லாரி, எங்கே மின்தடை, ரேஷனில் மண்ணெண்ணெய் எப்போது, குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து எங்கே. கடைக்காரர்கள் பத்திரிகையை எட்டாம் பக்கம் வெளியே தெரியும்படி மடித்துத்தான் தொங்கவிடுவார்கள். முதல் பக்கம் உள்ளே மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். எனக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. நான் சங்க இலக்கியம் படித்தவள். லாரி நேரத்துக்கு முதுகு காட்டிக்கொண்டு என் உரைநடை நிற்பதா?

அந்தக் கோடையில் ரோஸ்லின் அக்கா, தங்கை மகள் கல்யாணத்துக்காகத் தூத்துக்குடிக்குப் போக வேண்டியிருந்தது. அத்தனை வருடத்தில் அவர் ஓர் இதழை விட்டு ஊருக்குப் போனது அதுதான் முதல் தடவை. வியாழக்கிழமை ரயிலுக்குக் கிளம்பும்போது என்னிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னார். எட்டாம் பக்கம் முடிந்ததும் ஒருத்தர் வாய்விட்டுப் படிக்க வேண்டும், இன்னொருத்தர் மூலப் பட்டியலில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். அப்புறம்தான் அச்சகத்துக்குப் போக வேண்டும். நான், "கவலை வேண்டாம் அக்கா, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "கருத்து வேணாம், கண்ணு போதும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

நானும் நாதமுனி அண்ணனும் மிஞ்சினோம். நாதமுனி அண்ணன் கொருக்குப்பேட்டைக்காரர். பக்கம் கட்டுவது, விளம்பரம் வாங்குவது, கடை கடையாகப் பத்திரிகை போடுவது எல்லாம் அவர்தான். வாரா வாரம் அக்கா தண்ணீர் அலுவலகத்துக்கு நேரில் போய் உட்கார்ந்து பட்டியலை எழுதி வருவார். இந்த முறை அண்ணன் போய் எழுதிக்கொண்டு வந்தார். நாற்பத்திரண்டு தெருக்கள். லாரி போகிற வழிப்படி, மேலிருந்து கீழாக. கிழமையையும் நேரத்தையும் வலது பக்கக் கட்டத்தில் அவரே அடித்து முடித்துவிட்டு, தெருப் பெயர்களை மட்டும் அடிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்.

பட்டியலைப் பார்த்தேன். முதலில் கிணற்றுத் தெரு. அதற்குக் கீழே அங்காளம்மன் கோயில் தெரு. அதற்குக் கீழே மாதா கோயில் சந்து. எங்கேயோ அடியில் உப்பளத் தெரு. என் தமிழ் உள்ளம் பதறியது. ஒரு வரிசை முறை வேண்டாமா? வாசகர் தன் தெருவைத் தேடி நாற்பத்திரண்டு பெயரையும் படிக்க வேண்டுமா? இத்தனை வருடத்தில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லையே என்று ஆச்சரியப்பட்டேன். (இந்த மாதிரி ஆச்சரியம் வரும்போது மனுஷன் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும். நான் கழுவவில்லை.)

அகர வரிசைப்படுத்தினேன். "அங்காளம்மன் கோயில் தெரு" என்று தொடங்கி, உயிர், உயிர்மெய் எல்லாம் இலக்கணப்படி. ஒரு மணி நேரம் ரசித்துச் செய்தேன். நாதமுனி அண்ணன் என் பெயர்ப் பத்தியை எடுத்துத் தன்னுடைய கிழமைப் பத்திக்குப் பக்கத்தில் பொருத்தினார். இங்கே நாற்பத்திரண்டு வரி, அங்கே நாற்பத்திரண்டு வரி.

"ஒரு மயிரிழ தப்பாம உக்காந்துச்சு பாரு" என்று அண்ணன் சந்தோஷப்பட்டார். நானும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

வாய்விட்டுப் படிக்கத்தான் செய்தோம். ஆனால் எட்டாம் பக்கத்தை இல்லை. அந்த இதழின் முதல் பக்கத்தில் என் கட்டுரை வந்தது. "நெய்தல் நிலத்தின் நெடுமூச்சு" என்று தலைப்பு. எண்ணூர் முகத்துவாரத்துக்கு ஒருநாள் சாயங்காலம் போய் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, கால் கிலோ இறாலும் வாங்கிக்கொண்டு வந்து எழுதியது. "கடல் எங்களைக் கைவிட்டாலும் நாங்கள் கடலைக் கைவிடோம்" என்று ஒரு மீனவர் அதில் சொல்லியிருப்பார். உண்மையில் அவர் என்னிடம் சொன்னது, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, கயிறு கால்ல மாட்டும்" என்பது மட்டும்தான். (நடந்ததை மட்டும் அடிக்க வேண்டும் என்ற அக்காவின் விதியை நான் ஒரே இதழில் இரண்டு தடவை மீறினேன்.) அந்தக் கட்டுரையை மூன்று முறை உரக்கப் படித்தேன். மூன்றாவது முறை என் குரல் தழுதழுத்தது. நாதமுனி அண்ணன் விரல் வைத்துக்கொண்டே தூங்கிப்போயிருந்தார்.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. ஞாயிறு முழுக்க யாராவது நெடுமூச்சைப் பற்றிப் பேசுவார்கள் என்று காத்திருந்தேன். பேசவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அலுவலகத்தில் போன் அடித்தது.

ஒரு பெண்மணி. மரியாதையாகத்தான் கேட்டார். உப்பளத் தெருவுக்கு எட்டு மணிக்கு லாரி என்று போட்டிருக்கிறது, இன்னும் வரவில்லையே என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "கவலைப்படாதீர்கள் அம்மா. இந்த அலட்சியத்தை வடமுனை சும்மா விடாது" என்றேன். வைத்ததும் அடுத்த போன். அதற்கடுத்து இன்னொன்று. பத்து மணிக்குள் பதினாறு போன். வேறு யாராக இருந்தாலும் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு உற்சாகம் வந்தது.

"அண்ணே, அடுத்த வாரம் முதல் பக்கம் கிடைச்சிடுச்சு" என்றேன். அப்போதே தலைப்பும் எழுதிவிட்டேன்: "தண்ணீர் லாரிகள் மாயம்! அதிகாரிகள் துயிலுகின்றனரா?"

எழுதிய சூட்டோடு தண்ணீர் அலுவலகத்துக்கே போன் போட்டு, மக்களின் குரலாக நின்று, அவர்களைக் கேள்வி கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமைசாலி. நான் மூச்சு வாங்க நிறுத்தும்வரை காத்திருந்தார். பிறகு, எல்லா லாரியும் பட்டியல்படி சரியான நேரத்துக்குத்தான் போயிருக்கிறது என்றும், போன இடத்தில் எல்லாம் தன் டிரைவர்களை ஜனங்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். "உங்க பேப்பரைக் காட்டித்தாம்மா அனுப்புறாங்க. ஒருதரம் நீங்களே அதை எடுத்துப் படிச்சுப் பாருங்களேன்" என்றார்.

எடுத்துப் படித்தேன். முதன்முறையாக, எட்டாம் பக்கத்தை, நாதமுனி அண்ணனின் மூலப் பட்டியலில் விரல் வைத்துக்கொண்டு படித்தேன். கிணற்றுத் தெரு லாரி அச்சில் அங்காளம்மன் கோயில் தெருவுக்குப் போயிருந்தது. அங்காளம்மன் லாரி அஞ்சல் நிலையத் தெருவுக்கு. உப்பளத் தெருவுக்கு வியாழக்கிழமை வர வேண்டியது திங்கட்கிழமைக்கு வந்திருந்தது. பெயர்கள் எல்லாம் எழுந்து அகர வரிசையில் நடந்து போய்விட, நேரங்கள் மட்டும் தத்தம் இடத்திலேயே உட்கார்ந்திருந்தன.

காலுக்குக் கீழே மாடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். நாதமுனி அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார். மெதுவாகப் போய் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துவிட்டு வந்தார்.

"பாப்பா, பேஜாராப் பூட்ச்சு. குடத்தோட வந்துகினு கீறாங்க" என்றார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? படியில் இறங்கி, கை கூப்பி, நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். நான் இறங்கத்தான் செய்தேன், ஆனால் பின்பக்கப் படியில். அது நேரே வலைக் கடையின் கிடங்குக்குள் போகும். ஆளுயரத்துக்கு நைலான் வலைகள் குவிந்திருந்தன. குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். வெளியே குடங்களைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். எங்கள் பக்கத்தில் ஆள் நகர்ந்தாலும் குடம் வரிசையில் நிற்கும். பத்திரிகை அலுவலகப் படிக்கட்டிலும் அவர்கள் வரிசை தப்பாமல்தான் வைத்தார்கள்.

அப்போது ஒரு குரல் கேட்டது. நான் பிறந்த நாள் முதல் கேட்டுவரும் குரல்.

"எம் பொண்ணு இங்கதான் வேல செய்யுது. அத்த கொஞ்சம் இட்டுகினு வா."

எழுந்து ஓடலாம் என்று பார்த்தேன். எழ முடியவில்லை. என் பின்னல் வலையில் மாட்டியிருந்தது. இழுத்தேன், இன்னும் நாலு கண்ணி சுற்றிக்கொண்டது. துப்பட்டா தனியாக மாட்டியது. திரும்பியதில் காதில் தோடும் மாட்டியது. ஏதோ சத்தம் கேட்டு வலைக் கடைக்காரர் வந்து குவியலைப் புரட்டினார். அவருக்குப் பின்னால் அம்மா. அம்மாவுக்குப் பின்னால் இருபது முப்பது பெண்கள். வலைக் கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்தார். வலையை வெட்டுவதா முடியை வெட்டுவதா என்று அவர் ஒரு கணம் யோசித்ததை நான் கண்ணால் பார்த்தேன். வலை புதுசு. நல்லவேளையாக அம்மா கையை நீட்டி, பின்னலைப் பிரித்து, இறால் உரித்துப் பழகிய விரல்களால் ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றிவிட்டார். அந்தப் பத்து நிமிஷமும் யாரும் என்னைத் திட்டவில்லை. சுற்றி நின்று பார்த்தார்கள். திட்டியிருந்தால் தேவலை.

அம்மா கழற்றிக்கொண்டே நடந்ததைச் சொன்னார். எங்கள் தெருவுக்கு நான் போட்டிருந்தபடி லாரி செவ்வாய்க்கிழமை. ஆனால் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே தெருமுனையில் லாரி வந்து நின்று ஹாரன் அடித்திருக்கிறது. லாரி நிறையத் தண்ணீர், வாசலில் வந்து நிற்கிறது. நடுக் கோடை. யாராக இருந்தாலும் பிடித்திருப்பார்கள். எங்கள் தெருப் பெண்கள் பத்திரிகையை எடுத்து வந்து டிரைவரிடம் காட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு எங்கள் முறை இல்லை, வேறு ஏதோ தெருவின் தண்ணீர், அவர்கள் அங்கே காத்துக்கொண்டிருப்பார்கள், போய் அங்கே ஊற்று என்று. டிரைவர் தன் சீட்டைக் காட்டியிருக்கிறார். நம்பவில்லை.

"நாந்தான் முன்னால நின்னு சொன்னேன்" என்றார் அம்மா. "எம் பொண்ணு எய்துற பேப்பரு, அது பொய் சொல்லாது, உன் சீட்டுதான் தப்புன்னு. அந்த ஆளு தலையில அடிச்சுக்கினு பூட்டாரு. அப்பாலதான் பக்கத்துத் தெருவுலயும் இதே கூத்துன்னாங்க, கொடத்தத் தூக்கினு இங்க வந்தேன்."

என் வாழ்நாளில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். எதுவும் இந்த அளவுக்கு உறைத்ததில்லை. வந்த தண்ணீரை, அடுத்த தெருக்காரர்களின் பங்கு என்று நினைத்து, ஒரு தெருவே திருப்பி அனுப்பியிருக்கிறது. இந்த எட்டாம் பக்கத்தைத்தான் நான் என் உரைநடைக்குக் கீழே வைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அம்மா அழவிடவில்லை. போனைக் கையில் கொடுத்தார். அக்காவிடம் நீயே சொல் என்றார்.

தூத்துக்குடியில் பின்னணியில் நாதஸ்வரம் கேட்டது. அகர வரிசையிலிருந்து லாரியைத் திருப்பி அனுப்பியது வரைக்கும் சொல்லி முடித்தேன். அக்கா முதலில் கேட்டது இதுதான்.

"எங்கயாவது அடிதடி ஆச்சா?"

"இல்லக்கா."

"சரி. மொதல்ல சரியான நேரத்தை நாற்பத்திரண்டு தெருவுக்கும் போய்ச் சொல்லு. எதனால தப்பு, யாரால தப்புன்னும் சொல்லு. அழறதுன்னா சனிக்கிழமை அழு."

நாதமுனி அண்ணன் ஒலிபெருக்கி கட்டிய ஓர் ஆட்டோவைப் பிடித்து வந்தார். பின்சீட்டில் நான், அம்மா, அம்மாவின் குடம். அண்ணன் டிரைவருக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டார். முதல் தெருவில் மைக்கை வாங்கினேன். பழக்க தோஷம் யாரை விட்டது?

"பேரன்புமிக்க வாசகப் பெருமக்களே, கடந்த இதழில் நேர்ந்துவிட்ட பிழையினால் தங்களுக்கு ஏற்பட்ட இன்னல்களுக்கு..." என்று தொடங்கினேன்.

ஒரு வீட்டிலிருந்து பெரியவர் வெளியே வந்தார். ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். "யார் செத்தது, எப்ப எட்க்குறாங்க?" என்று கவலையோடு கேட்டார். அடுத்த தெருவில் ஒரு பெண், நாங்கள் எந்தக் கட்சி என்று விசாரித்தாள். மூன்றாவது தெருவில் அம்மா என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இந்தாம்மா, எல்லாம் கேட்டுக்க. வடமுனை பேப்பர்ல எட்டாம் பக்கம் தப்பு. எம் பொண்ணுதான் தப்பாப் போட்ச்சு, தோ ஆட்டோவுலதான் குந்திகினு கீது. உங்க தெருவுக்கு லாரி புதங்கெயம காலைல ஆறு மணி. பேப்பர கிய்ச்சுப் போடாதீங்க, அதுல பேனாவால திருத்திக்கங்க."

ஒரே ஒரு தடவைதான் சொன்னார். எல்லா வீட்டிலிருந்தும் பேனா வந்தது.

அன்று சாயங்காலம் வரை அம்மாதான் பேசினார். நான் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு தெருவின் நேரத்தையும் எடுத்துக் கொடுத்தேன், விரல் வைத்துக்கொண்டு. "ஆட்டோவுலதான் குந்திகினு கீது" என்ற இடம் வரும்போதெல்லாம் ஜனங்கள் குனிந்து உள்ளே பார்ப்பார்கள். நாற்பத்திரண்டு தெருவும் பார்த்தது. காட்சிக்கு வைத்த மிருகத்துக்குக்கூட நடுவில் திரும்பிப் படுக்க உரிமை உண்டு. ஒரு தெருவில் ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் வீட்டிலேயே அன்றைக்குத் தண்ணீர் இல்லை. நான் குடிக்க மாட்டேன் என்றேன். அம்மா முறைத்தார். குடித்தேன்.

நாதமுனி அண்ணன் நடுவில் இறங்கி லாரிகள் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குப் போய் டிரைவர்களிடம் பேசினார். காலையில் திருப்பி அனுப்பப்பட்ட எல்லாரும் கோபமாக இருப்பார்கள் என்று பயந்தாராம். அவர்களோ, கடைசியில் தங்கள் சீட்டுதான் சரி என்று தெரிந்ததில் ரொம்பச் சந்தோஷப்பட்டார்கள். அந்தப் பொறுமைசாலி அதிகாரியும் சம்மதித்தார். காலையில் தண்ணீர் கிடைக்காத தெருக்களுக்கு அன்று மாலை இன்னொரு நடை விட்டார்கள். எங்கள் தெருவுக்கு வந்த லாரியில் அதே டிரைவர்தான். "சீட்டைப் பாக்குறியாம்மா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் குழாயைத் திறந்தார்.

ரோஸ்லின் அக்கா புதன்கிழமை காலை ரயிலிலிருந்து நேராக அலுவலகத்துக்கு வந்தார். நான் ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தேன். வேறு வழி தெரியாமல் அதையும் செந்தமிழில்தான் எழுதியிருந்தேன். அக்கா அதை முழுக்கப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு ஒற்றுப் பிழையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தார். பிறகு கல்யாண வீட்டுப் பலகாரப் பையைப் பிரித்து எனக்கும் அண்ணனுக்கும் மக்ரூன் வைத்தார். திட்டுவார், இப்போது திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். அடுத்த தெருத் தண்ணின்னு சொல்லி லாரியைத் திருப்பி அனுப்பிச்சாங்கன்னியே, அது எந்தத் தெரு? எங்கள் தெரு என்றேன். அக்கா மேஜையில் கையை ஊன்றிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எனக்காக இல்லை என்று தெரிந்தது.

அடுத்த இதழின் முதல் பக்கத்தில், மேல் பாதி முழுக்கத் திருத்தம். அக்கா எழுதவில்லை, என்னை எழுதச் சொன்னார். நடந்ததை மட்டும். நான் எழுதிக்கொண்டு போனதில் முக்கால்வாசியை வெட்டினார். மிஞ்சியது ஒன்பது வரி. அதற்குக் கீழே, அந்தப் பத்திரிகையின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக, எழுதியவர் பெயர் போட்டார்கள்: க. விமலா. பெயர் அச்சில் வர வேண்டும் என்று எத்தனை நாள் கனவு கண்டிருப்பேன். வந்துவிட்டது, தடித்த எழுத்தில். அம்மா அதை வெட்டி எடுத்து லேமினேட் செய்து, அரிசி டின்னுக்கு மேலே மாட்டிவைத்தார். வந்து போகிறவர்களிடம், "பாப்பா எய்துனதுதான்" என்று பெருமையாகவே காட்டுவார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் படிப்பார்கள். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

பதினோரு வருடம் வடமுனையில் வேலை செய்தேன். அதற்கப்புறம் போன இடத்தில் எல்லாம் சம்பளம் கூடுதல், கட்டடம் பெரிசு. ஆனால் போட்டதைப் படித்து, வாசலில் வந்து நிற்கும் தண்ணீரைத் திருப்பி அனுப்பும் வாசகர்கள் வேறு எங்கும் இல்லை. வடமுனை இப்போதும் வருகிறது. ரோஸ்லின் அக்காவுக்கு முட்டி வலி, படி ஏறச் சிரமப்படுகிறார், ஏறிவிடுகிறார். எட்டாம் பக்கம் வெள்ளிக்கிழமையே வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. போவதற்கு முன்னால் நாதமுனி அண்ணன் அதை உரக்கப் படித்துக் குரல் பதிவாகவும் அனுப்புகிறார், கண் தெரியாதவர்களுக்காக. முழு வடசென்னைத் தமிழில். அதைக் கேட்பதற்காகவே சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக ஒரு விஷயம். நாற்பத்திரண்டு தெருவுக்கும் தப்பாகப் போட்டேன் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பல வருடம் கழித்து, எனக்குக் கல்யாணம் பேச வந்தபோதுதான் வேறு சேதி தெரிந்தது. மாப்பிள்ளை வீடு தண்டையார்பேட்டையில், வைரம் சந்து. பட்டியலில் அது கடைசித் தெரு. அகர வரிசையிலும் கடைசித் தெரு. அந்த ஒரு தெருவுக்கு மட்டும் லாரி, நான் போட்ட நேரத்துக்கே போய் நின்றிருக்கிறது.

என் மாமியாருக்கு இன்றுவரை இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ எல்லாரும் கூடும்போது யாராவது எடுத்துவிடுவார்கள். என் கணவர் வேண்டுமென்றே எடுத்துவிடுவார். அம்மா குடத்தில் தொடங்கி, வலையில் நான் மாட்டியது வரை நடித்துக் காட்டுவார். பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். மாமியார் மட்டும் சிரிக்க மாட்டார். எல்லாம் முடிகிற வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டு, கையிலிருக்கும் தட்டைக் கீழே வைப்பார்.

"நீங்க இன்னா வேணா சொல்லுங்க சம்பந்தி," என்பார். "அந்தப் பேப்பர்ல எத்தினி மணின்னு போட்டிருந்துச்சோ அத்தினி மணிக்கு லாரி வந்துச்சு. நான் ஆறு குடம் புட்ச்சேன். என் மருமக தப்பா எய்துறவ இல்ல."

அம்மா பதில் சொல்லத் தொடங்குவார். நான் வழக்கம்போல் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விடுவேன்.